குணலட்சுமி அக்காவின் அழைப்புக் குறி

எங்கள் அமெச்சூர் றேடியோக் கழகத்தில் கோபம் வராத ஒரே ஆள் குணலட்சுமி அக்கா. அவருக்கு வரவேண்டிய கோபமும் சேர்ந்து எனக்கே வந்துவிடுகிறது என்று எங்களோடு இருக்கும் ஓட்டோக்கார நமசிவாயம் அண்ணை சொல்வார். அவர் சொல்வது சரிதான். ஆனால் அதை அவர் சிரித்துக்கொண்டு சொல்லும்போது எனக்கு இன்னும் கோபம் வரும்.

என் பெயர் றொபின். உடுவிலில் ரீவியும் போனும் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். அமெச்சூர் றேடியோ என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பரீட்சை எழுதி, அனுமதி எடுத்து, வேறு ஒருவருக்கும் இல்லாத எழுத்தும் எண்ணுமாக ஆளுக்கொரு அழைப்புக் குறி வாங்கி, சொந்த றேடியோவில் முன்பின் தெரியாத மனிதரோடு கதைப்பது. ‘அதை வட்சப்பிலை கதைக்கலாமே’ என்று கேட்காதீர்கள். கேட்டவர்களோடு சண்டை பிடித்து அலுத்துப்போனேன். வருடத்தில் ஒரு சனி ஞாயிறு நாங்கள் வெளியே போய், வெறுங்காணியில் கூடாரம் அடித்து, இரண்டு பனைகளுக்கு நடுவே அன்ரனாக் கம்பி கட்டி, பற்றரியையும் சூரியத் தகட்டையும் மட்டும் நம்பி நிலையம் நடத்துவோம். மின்சார வயர் இழுக்கக் கூடாது, வாகனப் பற்றரியைத் தொடக் கூடாது. இந்த விதிகளை எழுதியவர் நமசிவாயம் அண்ணை.

குணலட்சுமி அக்காவுக்கு இணுவிலில் கூட்டுறவுக் கடையில் வேலை. ‘அடுத்த ஆள் வாங்கோ’ என்று அவர் கூப்பிட்டால் றோட்டில் போகிறவனும் உள்ளே வந்துவிடுவான். அப்படிக் குரல். நாங்கள் மூவரும் ஒன்றாகத்தான் பரீட்சை எழுதினோம். அவர் ஒரே தடவையில் தேறினார். நான் இரண்டாம் தடவை. நமசிவாயம் அண்ணை எத்தனையாம் தடவை என்பதை அவரே சொல்லட்டும்.

இத்தனைக்கும் மூன்று வருடமாக அக்கா மைக்கைத் தொட்டதே இல்லை. யாரோடு, எத்தனை மணிக்கு, எந்தப் பற்றரியில் கதைத்தோம் என்று எழுதும் பதிவுக் கொப்பிதான் அவருடைய பொறுப்பு. “அக்கா, உங்கடை எழுத்துத்தான் வடிவு” என்று சொல்லிச் சொல்லியே அவரைக் கொப்பியோடு இருத்திவிட்டோம். எழுத்து வடிவுதான், பொய்யில்லை. ஆனால் உண்மையான காரணம், மைக்கைப் பிடித்தால் விட எங்கள் இருவருக்கும் மனம் வராது. இன்று எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

போன மாசிமாதம், சனிக்கிழமை காலை, இணுவிலுக்கு வடக்கே வெங்காயம் கிண்டி முடிந்த ஒரு காணியில் கம்பி கட்டிக்கொண்டிருந்தோம். அக்கா என்னிடம் வந்து, “றொபின், இந்தமுறை எனக்கும் ஒருக்கால் மைக்கைத் தாறியளே?” என்று கேட்டார்.

“ஓம் அக்கா, பின்னேரம் பாப்பம்” என்றேன். பின்னேரம் றேடியோவில் ஆட்கள் வரிசையாக அகப்பட்டார்கள், கேரளாவில் இருந்தும் மாலைதீவில் இருந்தும். “நாளைக்குப் பாப்பம் அக்கா” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு எழுதினார்.

எங்களுக்குத் தெரியாதது இதுதான். அக்காவின் கழுத்துக்குள் ஒரு கட்டி. செவ்வாய்க்கிழமை ஒப்பரேசன். குரல் நரம்புக்குப் பக்கத்தில் கத்தி போகும், குரல் மாறலாம், போகவும் போகலாம் என்று டொக்டர் சொல்லி, அதற்குக் கையெழுத்தும் வாங்கியிருந்தார். அதற்குமுன் ஒரே ஒரு தடவை, தன் அழைப்புக் குறியைத் தன் சொந்தக் குரலில் காற்றில் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அக்காவின் ஆசை. அதை வாய்திறந்து சொல்லாமல், நான் நாளைக்கு என்றதும் தலையாட்டினாரே, அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இப்போதும் அவர்மீது கோபம் வருகிறது.

ஞாயிறு காலை தேவாலயத்துக்குப் போகமுன் றேடியோவைச் சரிபார்த்தேன். சோதிக்கும்போது மற்றவர்களின் காதை இரையவைக்கக் கூடாது என்பது எங்கள் மரியாதை. அதற்காக டம்மி லோட் என்று ஒன்று இருக்கிறது. அன்ரனாவுக்குப் போகிற சக்தியை வாங்கி, வெளியே விடாமல், சூடாக்கித் தனக்குள்ளேயே விழுங்கிவிடும். நமசிவாயம் அண்ணை பழைய பெயின்ற் ரின்னுக்குள் எண்ணெய் ஊற்றிச் செய்து தந்தது. ஒரு சுவிச்சைத் தட்டினால் அன்ரனா, மற்றப் பக்கம் தட்டினால் ரின். நான் ரின் பக்கம் தட்டிச் சோதித்துக்கொண்டிருக்க, பூசைக்குப் பிந்துகிறது என்று அம்மா போனில் கத்தினார். ஓடிவிட்டேன்.

பத்து மணிக்குத் திரும்பி வந்து மைக்கைப் பிடித்தவன் பன்னிரண்டு மணிவரை கூப்பிட்டேன். ஒரு குருவியும் பதில் சொல்லவில்லை. சூரியன் குழம்பி அலைகளைக் கெடுத்துவிட்டது என்றேன். கம்பியைத் தாழக் கட்டியதாக நமசிவாயம் அண்ணையை ஏசினேன். நேற்று வேலை செய்த அதே பனையையும் திட்டினேன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம், அதே கதைதான்.

அப்போது அக்காவின் கணவர் சுபாஸ்கரன் அண்ணை சோற்றுப் பார்சலோடு சைக்கிளில் வந்து இறங்கினார். இறங்கியதும் முதல் கேள்வி, “இவ கதைச்சிட்டாவே?”

“இன்னும் இல்லை அண்ணை.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. அக்கா கண்ணால் தடுக்கத் தடுக்க, கூடாரத்துக்கு வெளியே என்னையும் நமசிவாயம் அண்ணையையும் கூட்டிக்கொண்டுபோய் எல்லாவற்றையும் சொன்னார். கட்டி, செவ்வாய்க்கிழமை, கையெழுத்து.

உள்ளே வந்து மைக்குக்கு முன்னால் இருந்த என் கதிரையைக் காட்டி, “அக்கா, இருங்கோ” என்றேன்.

அக்கா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். தன் அழைப்புக் குறியை எழுத்தெழுத்தாக, மணி அடித்ததுபோல் சொன்னார். காத்திருந்தார். மறுபடி சொன்னார். இருபது நிமிடம் இப்படிப் போயிற்று. வானம் வேறு மூடிக்கொண்டு வந்தது. பற்றரி இறங்கிக்கொண்டிருந்தது.

“என்ரை குரல் ஒருத்தருக்கும் கேக்கேல்லைப் போலை” என்று சொல்லிவிட்டு மைக்கை மெதுவாக வைத்தார். “பறவாயில்லை, சாப்பிடுவம்.”

சோற்றுப் பார்சலுக்கு இடம் பண்ண, மேசையில் இருந்த பெயின்ற் ரின்னைத் தள்ளியவர் கையை உதறினார்.

“றொபின், உந்த ரின் ஏன் உப்பிடிச் சுடுது?”

கோதாரி! சுவிச்சைப் பார்த்தேன். ரின் பக்கம். இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாக நான் உலகத்தைக் கூப்பிடவில்லை, ஒரு லீற்றர் எண்ணெயைக் காய்ச்சிக்கொண்டு இருந்திருக்கிறேன். பற்றரியையும் அதற்கே ஊற்றி முடித்துவிட்டேன். அக்காவின் குரலும் அதே எண்ணெய்க்குள்தான் போயிருக்கிறது.

“விசரா!” என்றார் நமசிவாயம் அண்ணை. என்னை யாராவது ஏசவேண்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. பிறகு அவர் காணி ஓரத்தில் நின்ற தன் ஓட்டோவைக் காட்டி, “அதின்ரை பற்றரியைக் கழட்டு. விதி கிடக்கட்டும்” என்றார். விதியை எழுதியவரே சொன்னார்.

“வேண்டாம் அண்ணை” என்றார் அக்கா. “மூண்டு வருசமா இந்தக் கொப்பியிலை ஒரு பொய்யும் எழுதேல்லை. முதல் முதல் என்ரை பேர் ஏறேக்கை எழுதமாட்டன்.”

இப்படி ஒரு மனுசி! சுவிச்சை அன்ரனாவுக்குத் தட்டினேன். றேடியோ இரைச்சலோடு உயிர்த்தது. மிச்சமிருந்த பற்றரி தாங்கட்டும் என்று சக்தியை நூறு வாட்ஸில் இருந்து ஐந்துக்கு இறக்கினேன். ஐந்து வாட்ஸ் ஒரு சின்ன பல்புக்குத்தான் காணும்.

அக்கா கூப்பிட்டார். ஒன்றுமில்லை. இரண்டாம் தரம். ஒன்றுமில்லை. மூன்றாம் தரம் சொல்லி முடிக்கமுன், இரைச்சலுக்குள் இருந்து ஒரு முதியவரின் குரல் அவருடைய அழைப்புக் குறியைத் திருப்பிச் சொன்னது. நாகர்கோவிலில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர்.

“உங்க சிக்னல் ரொம்ப மெலிசுதாம்மா. ஆனா குரல் கணீர்னு இருக்கு. ஒரு எழுத்துகூட விடாம வாங்கிட்டேன்.”

அக்கா பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், ஐந்து வாட்ஸ் என்று சொன்னார். அவர் அங்கே வாய்விட்டு வியந்தார். சுபாஸ்கரன் அண்ணை கூடாரக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாரும் சொல்வதுபோல் அந்த ஐயாவும் கடைசியாக, “ஞாயிறு காலையில நான் எப்பவும் இங்கதான் இருப்பேன். மறுபடி உங்க குரலைக் கேக்கணும்மா” என்றார்.

அதற்கு எல்லாரும் ‘கட்டாயம்’ என்றுதான் சொல்வோம். அக்கா மைக்கை அழுத்தவில்லை. நான் பற்றரியைப் பார்த்துப் பதைத்தேன். பிறகு அழுத்தினார்.

“கேப்பீங்கள் ஐயா. ஆனால் குரல் மாறியிருக்கலாம். அழைப்புக் குறி மாறாது. அதை வைச்சு என்னை அடையாளம் பிடியுங்கோ.”

“எந்தக் குரல்ல வந்தாலும் பதில் உண்டும்மா” என்றார் அவர். அதோடு றேடியோ அணைந்துவிட்டது.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று. மிஞ்சியது காற்றும் கரகரப்பும்தான். அக்கா இரண்டு மாதம் யாரோடும் கதைக்கவில்லை. கடையில் துண்டு எழுதிக் காட்டினாராம். சுபாஸ்கரன் அண்ணை என் கடைக்கு வந்து, “வீட்டிலையும் ஒரு சொல் இல்லை றொபின்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு விடிய நானும் நமசிவாயம் அண்ணையும் கேட்காமல் கொள்ளாமல் இணுவிலுக்குப் போய், அக்கா வீட்டு மாமரத்தில் கம்பி கட்டினோம். அக்கா கையை அசைத்து அசைத்து வேண்டாம் என்றார். நான் வாய்க்கு வந்தபடி சத்தம் போட்டேன். என் கோபம் ஒருநாளாவது ஆருக்காவது உதவட்டுமே. கடைசியில் மைக்கை வாங்கினார். கதவு உரசுவதுபோன்ற அந்தக் குரலில், எழுத்தெழுத்தாகத் தன் அழைப்புக் குறியை ஒரே ஒரு தடவை சொன்னார். பெயர் சொல்லவில்லை.

“குணலட்சுமி அம்மா!” என்றது நாகர்கோவில். “ரெண்டு மாசமாக் காத்துட்டு இருக்கேன். எங்க போயிட்டீங்க?”

அக்கா அழுதார். நாங்களும் அழுதோம். பிறகு மைக்கை அழுத்தி, நாற்பது நிமிடம் கதைத்தார்.