தத்துப்பூச்சியைப் பற்றி எழுதியவர்

எனக்கு நாலாம் வகுப்பு வரைதான் படிப்பு. எழுத்து கோணலாக இருக்கும், பாதி மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலமடையில் எங்கள் மாந்தோப்புக்கு முன்பெல்லாம் ஒரு ஆராய்ச்சிக்காரர் வருவார். ஒல்லியான மனிதர், கல்பாத்தி அக்ரகாரத்துப் பேச்சு. எந்த இலையைக் கண்டாலும் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார். சாப்பிடப் போட்ட வாழையிலையைக்கூட விடமாட்டார். மாம்பூவைக் கெடுக்கும் தத்துப்பூச்சியைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதி, அச்சான பிரதி ஒன்றை எங்களுக்கும் தந்தார்.

போன மாசியில் தடி ஊன்றிக்கொண்டு திரும்ப வந்தார்.

"அந்தப் பேப்பர் இருக்கா? என்னோட பிரதி மழையில போயிடுத்து. கம்ப்யூட்டர்ல படிக்க, அச்சுப்போட்ட பத்திரிகைக்காரா பணம் கேக்கறா."

"ஏனுங்க, எழுதுனது நீங்கதானுங்களே?"

"எழுதினது நான். பூட்டி வச்சு விக்கறது அவா."

ரேஷன் கார்டோடு வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்தார். இனி யாரும் காசில்லாமல் படிக்கும்படி இன்டர்நெட்டில் போடப்போகிறாராம்.

"அவிங்க வைய மாட்டாங்களுங்களா?"

"வையட்டுமே. வையறதுக்காகவாவது ஒருத்தர் படிப்பா."

பிறகு ஒரு வரியைத் தொட்டுக் காட்டி, "இது நீங்க சொன்னது" என்றார். கிணற்றோர நிழல் மரங்களில்தான் பூச்சி முதலில் விழும் என்று நான் சொன்னேனாம்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. இத்தனை வருஷம் பூட்டிக் கிடந்தது, இனி ஊரெல்லாம் படிக்கும். கிணற்றோரம் என்றா சொன்னேன், வேலியோரம் என்றா? இங்கிலீஷ் தெரிந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, உங்கள் தோப்பிலும் அப்படித்தானா என்று பார்த்துச் சொல்லுங்கள். தப்பாக இருந்தால் என் பேச்சை மட்டும் திருத்துங்கள். அவர் எழுத்தில் குறை இருக்காது.