டிரைவர் விழுந்து காட்டிய பாடம்

பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது. உக்காரக்கா என்று கேளுங்கள், குழந்தைகூட வழி காட்டும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் நாய்களுக்கு நடுவே நின்று "உக்காரு" என்று அவள் சொன்னால், நாய்கள் உட்காருவது இருக்கட்டும், சமயத்தில் கூட வந்த மனிதர்களே உட்கார்ந்துவிடுவார்கள்.

அவளிடம் வருகிறவர்கள் நாயை அழைத்து வருவதில்லை. நாய்தான் அவர்களை இழுத்துக்கொண்டு வரும். மூச்சு வாங்கிக்கொண்டே, "சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குதுக்கா" என்பார்கள். ஏதோ வீட்டில் மற்ற எல்லாரும் இவர்கள் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கிற மாதிரி.

"எத்தன தடவ 'உக்காரு'ன்னு சொல்லுவீங்க?" என்று கேட்பாள்.

"ஒரு அஞ்சாறு தடவ இருக்கும்."

"அப்ப அஞ்சாறு தடவ சொன்னப்புறம் உக்காந்தாப் போதும்னு அது கத்துக்கிச்சு. நாம மனசுல என்ன நெனச்சுச் சொல்லித் தர்றோம்னு அதுக்குத் தெரியாதுங்க. என்ன செஞ்சா பிஸ்கட் கிடைக்குதோ, அதான் அதுக்குப் பாடம்."

வருகிற எல்லாருக்கும் இதைச் சொல்லுவாள். தனக்குச் சொல்லிக்கொள்ளத்தான் மறந்துபோனாள்.

அவள் குடியிருந்தது ஒரு மாடி வீடு. கணவர் பஸ் ஓட்டியவர். நெஞ்சுவலி வந்த பிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். வேலை போனாலும் அவள் வாயில் அவர் டிரைவர்தான். "டிரைவரே, மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் மைதானத்துக்குக் கிளம்புவாள். பிள்ளை இல்லை. யாரோ ஊரை விட்டுப் போகும்போது மைதானத்திலேயே விட்டுப் போன ஒரு கறுப்பு நாய் இருந்தது. படுத்தால் படுத்த இடத்தில் கிடக்கும் என்பதால் டிரைவர் அதற்கு மூட்டை என்று பெயர் வைத்தார்.

மூட்டைக்கு உலகமே டிரைவர்தான். அவர் இருமினால் குரைக்கும். எழுந்து நடந்தால் குரைக்கும். கை தவறி டம்ளர் விழுந்துவிட்டால் போச்சு, வீட்டை இரண்டாக்கிவிடும். டிரைவருக்கு அதில் உள்ளூரப் பெருமை. கீழ்வீட்டுத் தையல்கார அம்மாவுக்கு அது எப்படிப் பெருமையாக இருக்கும்? அவள் வீட்டில் கைக்குழந்தை இருந்தது.

"அப்பதான் தூங்க வச்சுட்டு மிஷின்ல உக்காருவேன். மேல இது லொள்ளுங்கும். புள்ள வீல்னு எழுந்துக்கும். நீங்களே சொல்லுங்கக்கா, நான் என்னதான் பண்றது?" என்று படியேறி வந்து அழாத குறையாகச் சொன்னாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. விஷயம் வீட்டு ஓனர் காதுக்குப் போயிற்று. இன்னொரு முறை புகார் வந்தால், ஒன்று நாய் போக வேண்டும், இல்லையென்றால் அவர்கள் போக வேண்டும் என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

டிரைவர் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. "நீ கிளம்பிப் போனப்புறம் எனக்குப் பேச்சுத் துணைன்னு இருக்கறது அது ஒண்ணுதான். ஊரு நாய்க்கெல்லாம் பாடம் எடுக்கற. நம்ம வீட்டு நாய்க்கு எடுக்க மாட்டியா?" என்றார்.

எடுத்தாள். கூடத்து மூலையில் பழைய போர்வை ஒன்றை மடித்துப் போட்டாள். "இடம்" என்றால் மூட்டை போய் அதில் படுக்க வேண்டும். அவள் "போதும்" என்று சொல்கிறவரை எழவும் கூடாது, வாயைத் திறக்கவும் கூடாது. அதெல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. அடுத்தது ஆட்டிப் பார்ப்பது. அவள் தொழிலில் அதுதான் முறை: நாய் எதற்கு எழுமோ அதையே வேண்டுமென்று செய்து காட்ட வேண்டும், அசையாமல் கிடந்தால் பிஸ்கட். தட்டைப் போட்டாள், கதவைத் தட்டினாள், மூட்டை அசையவில்லை. டிரைவர் கொஞ்சம் தள்ளாடினால் மட்டும் பாய்ந்து எழுந்து குரைத்தது.

"அப்ப நான் விழுந்து காட்டறேன்" என்றார் டிரைவர்.

மனிதர் வீட்டில் முடங்கிக் கிடந்ததற்கு அது ஒரு கொண்டாட்டமாகப் போயிற்று. கீழே மெத்தையை விரித்துப் போட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் செருகி, தொப்பென்று விழுவார். "ஐயோ, யாராவது வாங்களேன்" என்று கத்துவார். மூட்டை ஓடி வந்து அவர் முகத்தை நக்கிவிட்டு வாசலைப் பார்த்துக் குரைக்கும். அவள் அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்து மறுபடியும் போர்வையில் கொண்டுபோய் விடுவாள்.

"பாவம்மா, அது என்னக் காப்பாத்த வருது."

"ஒண்ணும் காப்பாத்த வேணாம். கத்தாம இருந்தா அதுவே பெரிய உபகாரம்."

அவர் திருட்டுத்தனமாக "போதும்டா" என்று சொல்லி அதை வரவழைக்கவும் பார்த்தார். அதையும் அவள் விடவில்லை. யார் "இடம்" சொன்னார்களோ அவர்களே "போதும்" சொல்ல வேண்டும் என்பது அவள் சட்டம். அவர் சொல்லி எழுந்தால் பிஸ்கட் இல்லை. கடைசியில் டிரைவர் விழுந்து புரண்டாலும், "போதும்டா, போதும்டா" என்று கெஞ்சினாலும், மூட்டை முதலில் நடுங்கிக்கொண்டு கிடந்தது. பிறகு நடுக்கமும் நின்றது. டிரைவர் மெத்தையில் மல்லாந்தபடி, "மூட்டை பாஸ்" என்றார்.

தையல்கார அம்மாவே மேலே வந்து சந்தோஷப்பட்டாள். "இப்பல்லாம் தொப்புனு கேட்டா நான் பயப்படறதில்லக்கா. சார் நடிக்கறாருன்னு தெரியும்."

அதற்குப் பிறகு ஒரு காலையில் அவள் மைதானத்திலிருந்து திரும்பிக் கதவைத் திறந்தாள். மூட்டை வாலை ஆட்டிக்கொண்டு வரவில்லை. போர்வையில் மோவாயை வைத்துப் படுத்துக் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தது. அட, டிரைவர் சொல்லிக்கூட இடத்துக்குப் போயிருக்கிறதே என்று அவளுக்கு மனம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியை அவள் பின்னால் எவ்வளவு சபித்தாள் என்று சொல்லி முடியாது. செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோதுதான் சமையலறை வாசலில் அவருடைய கால் தெரிந்தது.

கொஞ்சம் முன்னால் பார்த்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தையல்கார அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "விழுந்த சத்தம் கேட்டுச்சுக்கா. யாராவது வாங்களேன்னாரு. 'போதும்டா, போதும்டா'ன்னு வேற சொல்லிக்கிட்டே இருந்தாரு. நான் தச்சுக்கிட்டே சிரிச்சேன். பாவி, சிரிச்சேன்."

அவள்மீது உக்காரக்காவுக்குக் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் நாயின் மேல் வந்தது. சோறு வைப்பாள், முகம் கொடுக்க மாட்டாள். ஒரே ஒரு கேள்வி அவளைப் போட்டு அரித்தது. அன்று அதைப் போர்வைக்கு அனுப்பியது யார்? அவள் அனுப்பவில்லை. கிளம்பும்போது அது அவர் காலடியில்தான் கிடந்தது, கண்ணால் பார்த்தாள். அவர் அனுப்பியிருந்தால் அவர் சொல்லுக்கு எழுந்திருக்குமே. ஒருவேளை வாசலில் பழக்கதோஷத்தில் தானே "இடம்" என்று சொல்லித் தொலைத்துவிட்டோமோ? யோசித்து யோசித்து, சொன்னது போலவும் இருந்தது, சொல்லாதது போலவும் இருந்தது. நாய் கண்ணில் படாமல் இருந்தால் இந்த நினைப்பும் ஓயும் என்று தோன்றியது. மைதானத்துக்கு வருகிற ஒருவர் அதை வளர்க்கக் கேட்டார். சரி என்று சொல்லிவிட்டாள்.

நாயைக் கேட்டவர் வருவதாகச் சொன்ன அன்று மூட்டையின் தட்டையும் சங்கிலியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கூடத்தைக் கடந்தாள். மூட்டை வாசலருகே வெயிலில் படுத்திருந்தது. சங்கிலி காலில் சிக்கியது. முட்டி தரையில் மோத அப்படியே விழுந்தாள். "ஐயோ" என்று அவளை அறியாமல் வாயில் வந்தது.

மூட்டை எழுந்தது. அவளிடம் வரவில்லை. குரைக்கவில்லை. நேராக மூலைக்கு நடந்து போய்ப் போர்வையில் படுத்து, மோவாயைத் தரையில் வைத்து, கண்ணை உயர்த்தி அவளைப் பார்த்தது. பிஸ்கட்டுக்குக் காத்திருந்தது.

யாரும் அனுப்பவில்லை. அவளும் இல்லை, அவரும் இல்லை. மனிதர் விழுந்தால் போய்ப் படுக்க வேண்டும், அதுதான் நல்ல நாய்க்கு அழகு என்று அது படித்திருந்தது. அன்று டிரைவர் விழுந்ததும் ஓடிப்போய் ஒழுங்காகப் படுத்து, அவர் கெஞ்சக் கெஞ்ச அசையாமல், அக்கா வருவாள், மெச்சுவாள் என்று வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறது. எந்தத் தப்பும் செய்யவில்லை. பாவம், ஒரு தப்புகூடச் செய்யவில்லை.

அவர் போன நாளிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. தவழ்ந்து போய் அலமாரிக் கீழ்த்தட்டிலிருந்த டப்பாவை எடுத்து, ஒரு பிஸ்கட்டை அதன் முன்னால் வைத்தாள்.

"நல்ல பையன்" என்றாள்.

மூட்டை அதைத் தின்றுவிட்டு மறுபடியும் மோவாயைத் தரையில் வைத்துக்கொண்டது. இன்னும் ஒரு வார்த்தை பாக்கி இருந்தது. அவள் சொன்னால்தான் அது எழும்.

"போதும்டா" என்றாள் அவள், டிரைவர் சொன்ன மாதிரியே. "போதும்டா."

மூட்டை எழுந்து வந்தது.