சொந்தக் காரணம்

போன செவ்வாய்க்கிழமை காலை ஆலைக்குள் நுழையும்போது ஏரியூரிலிருந்து போன் வந்தது. மகேஸ்வரியின் தம்பி. "அக்கா போயிருச்சுங்க" என்றார். நம் மாம்பழக்கூழ் ஆலையின் ஆய்வகத்தில் பதினேழு ஆண்டுகள் இருந்தவர், வேலையை விட்ட நான்காவது மாதத்தில் இறந்துவிட்டார். உங்களில் பலருக்கு அவர் அக்கா. பணியாளர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் எனக்குக் கொஞ்சம் தொந்தரவான ஆள். அதை மறைத்து எழுத மனம் வரவில்லை.

பேக்கிங்கில் இருந்த சரோஜாவை நினைவிருக்கும். கல்யாணத்துக்காக நின்றுகொள்வதாக மேற்பார்வையாளரிடம் வாயால் சொல்லிவிட்டுப் போனார். 'தகவலின்றி நின்றவர்' என்று பதிந்துவிட்டோம். அனுபவச் சான்று கிடைக்காமல் அவர் அழுதபோது, என் அறைக்கு அழைத்துவந்து அந்தப் பதிவை மாற்றவைத்தவர் மகேஸ்வரி. அதன்பிறகு சாப்பாட்டு நேரத்தில் பெண்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார். "எழுதிக் குடுங்க. நகல்ல தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கங்க. அன்னிக்கிலருந்துதான் நோட்டீஸ் நாளு ஓடும். சொந்தக் காரணம்னு எழுதுனாப் போதும். அதுக்கு மேல சொல்லணும்னு நம்ம வேலை ஆர்டர்ல எங்கயும் இல்ல."

இன்னொரு முறை, இரண்டு எலெக்ட்ரீஷியன்களை மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. மகேஸ்வரி தன் பணி நியமன உத்தரவை என் மேசையில் விரித்தார். "ரெண்டு மாச நோட்டீஸுங்கிறது ரெண்டு பக்கத்துக்கும் போட்டதுங்க சார்" என்றார். அந்த உத்தரவோடு நிர்வாகத்திடம் திரும்பிப் போனேன்.

ஏப்ரல் கடைசியில், பழ வரத்து தொடங்கிய வாரம், அவரே ராஜினாமா கடிதத்தோடு வந்தார். பதினைந்து நாளில் விடுவிக்கும்படி கேட்டிருந்தார். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்'. நோட்டீஸ் காலத்தை நிர்வாகம் குறைக்கலாம், நான் பரிந்துரைத்தால் போதும். என்ன விஷயம் என்று சொன்னால் பார்க்கலாம் என்றேன்.

"காரணம் சொன்னாத்தான் விடுவீங்கன்னா அது தயவுங்க சார். எனக்கு வேண்டாம். ரெண்டு மாசமும் வந்துட்டே போறேன்."

உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாக இருந்தது. சீசனுக்கு ஆள் இருந்தது.

தினமும் இரண்டு பஸ் மாறி வந்தார். நின்றுகொண்டே சோதனை பார்ப்பவர், அந்த மாதங்களில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இரண்டு முறை சேலம் போக லீவு கேட்டார். நேர்முகத்தேர்வு என்று நினைத்துக்கொண்டேன். வேறு கம்பெனி பார்த்தாயிற்றா என்று ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். சிரித்துவிட்டுப் போனார். நோட்டுப்புத்தகம் ஒன்றில் ஒவ்வொரு சோதனையையும் அடுத்து வருபவருக்காக எழுதிவைத்தார். கடைசி நாளில் விடுவிப்புக் கடிதத்தை நிதானமாகப் படித்து, தேதியில் இருந்த பிழையைத் திருத்தச் சொன்னார்.

ஏரியூருக்கு மாலையோடு போனேன். ரத்தப் புற்றுநோய் என்று அங்கேதான் தெரிந்தது.

"சேலத்து டாக்டரு சித்திரையிலயே வந்து சேரச் சொன்னாருங்க" என்றார் தம்பி. "நோட்டீஸ் முடியட்டும்னுருச்சு. அப்பவே சேந்திருந்தாப் பொழைச்சிருக்குமான்னு டாக்டருகிட்டக் கேட்டேன். சொல்ல முடியாதுன்னுட்டாரு."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். மகேஸ்வரி பாதியில் நின்றிருக்கலாம், யாரும் கட்டிவைத்திருக்க முடியாது. ஆனால் சரோஜாவின் பெயருக்கு நேரே நாங்கள் எழுதிய 'தகவலின்றி நின்றவர்' என்ற வரி தன் பெயருக்கும் விழும் என்று அவருக்குத் தெரியும்.

நேற்று கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் பத்து நாளில் விடுவிக்கக் கேட்டுக் கடிதம் கொடுத்தார். ஏன் என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அவர் கேட்ட தேதிக்கே பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மகேஸ்வரியிடமிருந்து எனக்கு மிஞ்சியது, கேட்காமல் விடும் இந்தப் பழக்கம்தான். கையெழுத்துப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஏப்ரலிலும் ஆகியிருக்காது.