தயிர்சாதத்தில் உடைந்த பட்டை

தொண்ணூறுகளின் கடைசியில் கொல்கத்தாவில் பல் மருத்துவ மேற்படிப்பு படித்தபோது என் நாளில் பாதி பிடுங்கிப்போட்ட பற்களோடுதான் கழிந்தது. பல்லின் நிறத்திலேயே இருக்கும் அடைப்புப் பசை அப்போதுதான் பரவலாகிக்கொண்டிருந்தது. குழியில் அதை வைத்து நீல விளக்கைக் காட்டினால் இறுகிவிடும். அது பல்லோடு எவ்வளவு கெட்டியாக ஒட்டுகிறது, எவ்வளவு அழுத்தினால் விட்டுவிடுகிறது என்பதுதான் என் ஆய்வு. அதற்காக கிளினிக் கிளினிக்காகப் போய்க் கெஞ்சி, பற்களை ஊறுகாய் பாட்டிலில் வாங்கி வருவேன். பாலிகஞ்ச் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பாட்டிலை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். கூட்டத்தில் தாராளமாக உட்கார அதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை.

விரிசல் விட்ட பல் ஆய்வுக்கு உதவாது. இயந்திரத்தில் வைத்து அழுத்தினால் பசை விடுவதற்கு முன்பே பல் பிளந்துவிடும். அதனால் அறையை இருட்டாக்கி, ஒவ்வொரு பல்லுக்கும் பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பார்ப்பேன். நல்ல பல் முழுதாக ஒளிரும். விரிசல் இருந்தால் வெளிச்சம் அந்தக் கோட்டோடு நின்றுவிடும், அதற்கு அப்பால் இருட்டாக இருக்கும். அப்படி நான் ஒதுக்கிய சில பற்களில் சொத்தை என்பதே கிடையாது. இவற்றை ஏன் பிடுங்கினார்கள் என்று முதலில் விளங்கவில்லை. பிறகுதான் புரிந்தது. ஆளுக்கு வலித்திருக்கிறது, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, இந்தப் புலம்பலை எத்தனை நாள் கேட்பது என்று பிடுங்கிவிட்டார்கள். அந்தப் பற்களின் சொந்தக்காரர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும். பிடுங்கியவர்கள்மேல் கோபம் கோபமாக வரும்.

டாக்குரியா பகுதியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு மாமாவும் மாமியும் இருந்தார்கள். மாமா தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மத்திய அரசு உத்தியோகத்துக்காக இளம் வயதில் கொல்கத்தா வந்து, ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். மாமி ரொம்பக் கெடுபிடி. அவர் சமையலறைக்குள் வெங்காயமே நாள் கிழமை பார்த்துத்தான் நுழைய முடியும்.

ஒருநாள் மாமா படியிறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தார். கன்னத்தில் கை.

"கடிக்கறப்போ வலிக்கலேம்மா. கடிச்சுட்டு வாயத் தொறக்கறேன் பாரு, அப்பத்தான் சுரீர்ங்கறது. சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறா."

வேறொரு டாக்டர் இடதுபக்கக் கடைவாய்ப் பல் ஒன்றை ஏற்கெனவே பிடுங்கியிருந்தார். பல் போனதே தவிர வலி போகவில்லை. இப்போது அதற்கு அடுத்ததையும் எடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார். வலதுபக்கத்தில் முன்னமே கடைவாய்ப் பல் இல்லை. இதுவும் போனால் மாமா மெல்லுவதற்கு என்று எதுவும் மிஞ்சாது. பின்னாலேயே வந்த மாமி தன் முடிவைச் சொன்னார்.

"ரிட்டயர் ஆனதுலேர்ந்து பொழுது போகலே. நாளெல்லாம் பல்லையே நெனச்சுண்டு உக்காந்திருந்தா வலிக்காம என்ன பண்ணும்?"

மாமி உள்ளே போனதும் மாமா குரலைத் தாழ்த்தினார். "எனக்கே சந்தேகமா இருக்கும்மா. பல்லா, மனசான்னு."

மறுநாளே அவரைக் கல்லூரிக்குக் கூட்டிப்போனேன். ஜன்னலைச் சாத்தி, பாட்டில் பற்களுக்குக் காட்டும் அதே விளக்கை, பிடுங்கச் சொல்லியிருந்த அந்தப் பல்லுக்குக் காட்டினேன். வெளிச்சம் பாதிப் பல்லோடு நின்றது. கையில் கண்ணாடியைக் கொடுத்து அந்தக் கோட்டைக் காட்டினேன். மாமா ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்போ நான் பொய் சொல்லலே" என்றார். கண் கலங்கியிருந்தது. நானும் அழுதுவிடுவேன் போல இருந்ததால் பஞ்சைத் தேடுவது போலத் திரும்பிக்கொண்டேன்.

விரிசல் வேர்வரை இறங்கிவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. அதற்கு முன் பிடித்து நிறுத்தினால் பல் பிழைக்கும். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவது மாதிரி பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய எஃகுப் பட்டையை ஒட்டிவிட்டேன். சில வாரம் அது தாங்கி, வலியும் அடங்கினால் மேலே உறை போட்டுவிடலாம். வலி அன்றைக்கே போய்விட்டது. மாடிப்படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் மாமா வாயைத் திறந்து காட்டினார்.

அடுத்த திங்கட்கிழமை பட்டை கிழிந்த நிலையில் வந்து நின்றார்.

"என்ன சாப்ட்டேள்?"

"தயிர்சாதம்."

"நான்தானே கொழையப் பெசஞ்சு போட்டேன்!" என்றார் மாமி.

புதுப் பட்டை போட்டேன். அடுத்த ஞாயிறு தாண்டியதும் அதுவும் போய், வலி திரும்பியிருந்தது. தயிர்சாதத்தில் உடையும் எஃகை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. பட்டை மட்டமா, ஒட்டும் சிமென்ட் கெட்டுப்போனதா என்று தலையைப் பிய்த்துக்கொண்டு, ஆய்வகத்தில் சிமென்ட்டைக் குழைத்துக் குழைத்துச் சோதித்தேன். சிமென்ட் நன்றாகத்தான் இருந்தது. மாமாவிடம் முறுக்கா, சீடையா, கொட்டைப்பாக்கா, வறுத்த பட்டாணியா என்று குடைந்தேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தார். எனக்குத் தெரிந்த சமையலறையில் அதற்கு மேல் கெட்டியாக ஒன்றுமில்லை.

என்னோடு படித்த பெங்காலித் தோழி கிழிந்த பட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாசேர் மாத்தா" என்றாள். மீன் தலை. அதன் எலும்பைக் கடைவாயில் வைத்து நொறுக்கி உறிஞ்சுகிறவர்கள் பல் இப்படித்தான் ஆகும், அவள் அப்பாவுக்கும் ஆனது என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவர் சுத்த சைவம், முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார் என்றேன்.

"அது உனக்கு யார் சொன்னது? அவரா, அவர் மனைவியா?"

மாமிதான் சொல்லியிருந்தார்.

அடுத்த முறை மாமியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நேராகவே கேட்டேன். மாமா கதவைப் பார்த்தார்.

"பக்கத்து ஃப்ளாட் பெங்காலி தாதாவோட ஞாயித்துக்கிழமை செஸ் ஆடப் போவேனோல்லியோ. அவர் ஆம்படையா, அந்த பௌதி, முரிகொண்டோ பண்ணுவா. மீன் தலையப் போட்டு சாதம். இன்னிக்கு நேத்திக்கில்லே, பல வருஷமா. அவா வழக்கத்துல மதிக்கிற மனுஷனுக்குத்தான் தலைய வெப்பா. அத தட்டுல ஒதுக்கிட்டு எழுந்தா எப்படிம்மா?"

"மாமா, பட்டை தாங்கலே. இப்படியே போனா பல்லு ரெண்டாப் பொளந்துடும்."

"போனாப் போகட்டும். அவளுக்குத் தெரியப்படாது."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஒரு பல்லைக் காப்பாற்ற நான் படுகிற பாடு என்ன, இவர் பேசுகிற பேச்சு என்ன! ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் கோபம் இறங்கிவிட்டது. மாமி மனசு உடைந்துவிடும் என்று மெய்யாகவே பயந்தார். கடைசியில் இனிமேல் விட்டுவிடுவதாகச் சொன்னார். அந்தக் குரலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இருந்தாலும் பட்டையை நம்பி இனிக் காத்திருக்க முடியாது என்று பல்லைச் செதுக்கி உறைக்கு அளவெடுத்தேன்.

உறை பொருத்திய அன்று மாமி உள்ளே வந்தார். "இனிமே இவருக்கு எதெதெல்லாம் குடுக்கப்படாது?"

"முறுக்கு, சீடை... அப்புறம் கெட்டியா... உள்ளே கொட்டை மாதிரி எதாவது இருந்தா..." என்று நான் பூசி மெழுகினேன். மாமா கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமி டாக்ஸி பிடித்து வைக்கும்படி அவரைக் கீழே அனுப்பினார். காலடிச் சத்தம் ஓய்ந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"தலைய அவர் தட்டுல வெக்காதே, வெறும் மீனா முள்ளெடுத்துப் போடுன்னு பௌதிகிட்ட சொல்லிட்டேன்."

"மாமி... உங்களுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அங்கேர்ந்து வந்ததும் ஒருவாட்டி குளிக்கறாரே, எதுக்குன்னு தெரியாதா எனக்கு? பல்லும் அதனாலதான்னு மட்டும் தெரியாமப் போயிடுத்து. போனவாட்டி என்னை வெளியில அனுப்பினியே, அப்பத்தான் ஒறச்சுது."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமி."

"கேக்கப்படாது. நீயும் வாயத் தொறக்காதே. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அப்புறம் அந்தாத்துல கை நனைக்க மாட்டார்." புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "ரிட்டயர் ஆனப்புறம் அவர் வாய்விட்டுச் சிரிக்கறது அங்கே மட்டும்தான். செவுத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்துண்டு நான் கேட்டுண்டிருப்பேன்."