பூட்டுக்குள் பிறந்த கருப்பு முயல்கள்

எல்லாரும் அவரைச் சாவிக்காரர் என்றே கூப்பிடுவார்கள். பூட்டுப் பழுது பார்ப்பது தொழில். மாற்றுச் சாவி யார் கையில் இருக்கிறதோ என்று பயந்து வருகிறவர்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டு, அவருக்கும் சந்தேகம் தொற்றிக்கொண்டது.

அவர் உயிரெல்லாம் முயலில்தான். வெள்ளை உடம்பில் முதுகு நெடுகக் கருப்புக் கோடு, விலாவில் பொட்டுப் பொட்டாகப் புள்ளி, மூக்கில் வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்ததுபோல் ஒரு குறி. அப்படி ஒரு பெண் முயல் அவரிடம் இருந்தது. மாடி அறையில் இருந்த மச்சான், அதாவது மனைவியின் தம்பி, ஒரு கருப்பு ஆண் முயல் வளர்த்தான். முதலில் அதோடுதான் சேர்த்தார். பாதிக் குட்டி புள்ளி, பாதி கருப்பு. கருப்பெல்லாம் அப்பன் கொடுத்தது என்று நினைத்து, அடுத்த முறை புள்ளி போட்ட ஆண் முயலையே தேடி வாங்கி வந்தார். தன் முயலை ஒதுக்கியதில் மச்சானுக்கு மனத்தாங்கல்.

ஒரு மாதத்தில் எட்டுக் குட்டி. மயிர் முளைக்கும் முன்பே தோலில் நிறம் தெரிந்துவிடும். இரண்டு முழுக் கருப்பு.

சாவிக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆளில்லாத நேரம் பார்த்து மச்சான்தான் தன் முயலைக் கூண்டில் விட்டிருக்க வேண்டும். தம்பி அப்படிப்பட்டவன் இல்லை என்று மனைவி சொன்னதும், அவளும் உடந்தையோ என்று தோன்றியது. சாமி கும்பிடும்போதுகூடக் காது மாடிப்படியில்தான் இருந்தது. ஒருநாள் சாப்பிடும்போது கேட்டே விட்டார். மச்சான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான். மறுநாளே வேறு வீடு பார்க்கத் தொடங்கினான்.

சாவிக்காரர் தன் கையாலேயே ஒரு பூட்டுச் செய்து கூண்டில் மாட்டினார். ஒரே சாவி, அதுவும் அவர் இடுப்பில். மறுபடியும் புள்ளிக்குப் புள்ளி சேர்த்தார்.

ஏழு குட்டி. இரண்டு கருப்பு.

பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. தீவனக் கடைக்காரரிடம் கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டார். புள்ளியும் புள்ளியும் சேர்ந்தால் நாலில் ஒன்று கருப்பாகத்தான் விழும், இது தெரியாமலா இத்தனை நாள் வளர்த்தீர் என்றார்.

நேரே மாடியேறினார். மச்சான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான்.

"மச்சான், மறுபடியும் ரெண்டு கருப்பு."

"பூட்டுப் போட்டிருந்தீங்களே அத்தான். கம்பி வழியா நுழைஞ்சிருப்பேனோ?"

"பூட்டு சரியாத்தான் இருக்கு. எனக்குத்தான் புத்தி சரியில்ல. போகாதப்பா."

மச்சான் நிமிரவில்லை. மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தான். பிறகு, அந்தக் கருப்பு இரண்டும் தனக்கு வேண்டும் என்றான்.

"எடுத்துக்கோ."

"பால் மறக்கட்டும். அதுவரைக்கும் இருக்கேன். அப்புறம் பாக்கலாம்."

பால் மறக்க இன்னும் ஒரு மாதமாவது ஆகும். கடவுள் அந்த ஒரு மாதத்தையாவது கொடுத்தாரே என்று எண்ணியபடி சாவிக்காரர் படியிறங்கினார்.