மாட்டுத் தொட்டி வற்றிக் கிடந்த நாள்

குடிக்க வைத்திருந்த தண்ணீரை என் கணவர் காரின் ரேடியேட்டருக்குள் ஊற்றினார். வேண்டாம் வேண்டாம் என்று நான் கத்தக் கத்த ஊற்றினார். அது அப்படியே கீழால் ஒழுகிச் செம்மண்ணில் மறைந்தது. கார் அசையவில்லை.

ஒஸ்லோவில் வெள்ளிக்கிழமைகளில் என்னோடு கோயிலில் நிற்கிற உங்களுக்கு இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

போன நத்தார் விடுமுறைக்கு அவுஸ்திரேலியாவில் இருக்கும் என் தம்பியிடம் போனோம். உள்நாட்டில், மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் அவன் டொக்டர். அங்கே ஒரு பண்ணை என்றால், ஒஸ்லோவில் தொடங்கிப் பக்கத்து நகரமான லில்லெஸ்ட்ரோமையும் தாண்டுகிற அளவு பெரியது. பிளேனில் போவோம் என்றேன். "பிளேனிலை போனா என்னத்தைப் பாக்கிறது?" என்று அவர் வாடகைக் கார் எடுத்தார். அது போதாதென்று, போன் காட்டுகிறது என்று சொல்லித் தார் றோட்டை விட்டு ஒரு மண் பாதையில் இறக்கினார். மதியம் போல ஏதோ கல் அடித்து ரேடியேட்டர் உடைந்தது.

டிசம்பர் என்றாலும் அங்கே கொளுத்தும் கோடை. போனில் சிக்னல் இல்லை. ஈக்கள் கண்ணுக்குள்ளேயே வந்து மொய்த்தன. எங்கு பார்த்தாலும் காய்ந்த புல். தூரத்தில் மாடுகள்.

"நான் அப்பவே சொன்னனான்."

"இப்ப அதைக் கதைச்சு என்னப்பா செய்யிறது? ஆராவது வருவினம்."

ஒருவரும் வரவில்லை. எனக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் வந்தது. அவர் மேல் எரிச்சல். அதைவிட முருகன் மேல். வருடா வருடம் கந்தசஷ்டி விரதம் பிடிக்கிறேன். எதற்கு?

பின்னேரமாகும்போது அவர் சத்தி எடுத்தார். கண் சொருகியது. என் தோளில் சாய்ந்து, "இஞ்சரப்பா, குறொன்லாண்ட் தாண்டியிட்டுதோ? நாங்கள் இறங்கவேணும்" என்றார். ஒஸ்லோவில் ரயிலில் இருப்பதாக நினைக்கிறார் என்று விளங்கியதும் தண்ணீர் தேடி நாலு பக்கமும் பார்த்தேன்.

பாதையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு தகரத் தண்ணீர்த் தாங்கியும் அதனடியில் மாடுகள் குடிக்கும் தொட்டியும் தெரிந்தன. மாடுகள் சுற்றி நின்று கதறின. அவரைக் காரின் நிழலில் படுக்க வைத்துவிட்டு, முருகா தண்ணி தா என்று கும்பிட்டுக்கொண்டு வெறும் போத்தலோடு ஓடினேன். நாய்க்கே பயப்படுகிற நான் அந்த மாடுகளைத் தள்ளிக்கொண்டு போனேன்.

தொட்டிக்குள் காய்ந்த பாசிதான் கிடந்தது. தாங்கியைத் தட்டினேன். அதுவும் வெறுமை.

அதுவரை கும்பிட்டுத்தான் கேட்டேன். இப்போது வாய்விட்டு ஏசினேன்.

"முருகா, உனக்குக் கண் இல்லையோ? தொட்டியைக் காட்டிப்போட்டு அதையும் வத்த வைச்சிருக்கிறியே! அவருக்கு ஏதும் நடந்துதெண்டால் உன்ரை வாசலுக்கு நான் வரவே மாட்டன்!"

மாடுகளும் கதறின. நானும் கதறினேன்.

திரும்பி வந்து சால்வையால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தேன். வேறு ஒன்றும் என்னிடம் இல்லை. அப்போது தூசு எழும்பியது. ஒரு பிக்கப் வாகனம் நேரே தொட்டியை நோக்கிப் போனது. நான் கூவிக்கொண்டு ஓட, எங்கள் பக்கம் திரும்பியது. இறங்கியவள் அந்தப் பண்ணைக்காரி. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் தலையிலும் கழுத்திலும் தண்ணீரை ஊற்றினாள். நினைவு தெளிந்த பிறகு மிடறு மிடறாகக் குடிக்கக் கொடுத்தாள். றேடியோவில் வீட்டைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு அறிவிக்கச் சொன்னாள்.

அவளுடைய வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், எப்படி இந்தப் பக்கம் வந்தீர்கள் என்று கேட்டேன். பம்ப் பழுதாகித் தாங்கி வற்றினால் வீட்டுக் கணினிக்குச் செய்தி வருமாம். அதைத் திருத்தத்தான் வந்தாளாம்.

"தண்ணீர் இருந்திருந்தால் இந்தக் கிழமை முழுவதும் இங்கே வந்திருக்க மாட்டேன்" என்றாள்.

எந்த வெறும் தொட்டிக்காக முருகனை ஏசினேனோ, அந்தத் தொட்டிதான் அவளைக் கூட்டி வந்தது.

ஆஸ்பத்திரியில் தம்பி அவரைப் பார்த்து முடித்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் நன்றாக ஏசினான். அவர் எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டார். முருகா, அந்த ஒரு சொல்லுக்கு நான் உனக்கு எப்படி நன்றி சொல்லி முடிப்பேன்?

நான் இப்போதும் எரிச்சல்காரிதான். ஆனால் கேட்டது கிடைக்காதபோது அவன் காதில் விழவில்லை என்று முடிவு கட்டுவதை விட்டுவிட்டேன். உங்களில் யாருக்காவது விசாவென்றோ, வருத்தமென்றோ, பிள்ளைகளென்றோ நெஞ்சு எரிந்துகொண்டிருந்தால், நல்ல சொல் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். கோபமென்றால் கோபத்தோடேயே போய் அவனிடம் சொல்லுங்கள். என் ஏச்சைக் கேட்டவன் உங்களுடையதையும் கேட்பான்.