கிரான் மருமகன் ஊதிய இறுதி ஆட்டம்

மச்சினனுக்குச் சிவப்பு அட்டை காட்டிய அன்றே, நல்லரத்தினத்தின் உடுப்புப் பெட்டியை மாமியார் சீதேவிப்பிள்ளை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டார் என்றொரு கதை வாவிக்கரை முழுக்க உலாவுகிறது. களுதாவளையில் கேட்டால் பெட்டி மட்டும்தான். வெல்லாவெளிக்குப் போவதற்குள் பெட்டிமேல் தலையணை ஏறிவிடுகிறது. ஏறாவூர்த் தேநீர்க்கடையில் ஆளையே தூக்கி வெளியே வைத்துவிட்டார்கள். உண்மை வேண்டுமானால் கிரானுக்குத்தான் போகவேண்டும்.

நல்லரத்தினம் பிறந்தது களுதாவளை. தொழில் உழவு இயந்திரம் திருத்துவது; பித்து உதைபந்தாட்ட மத்தியஸ்தம். கலியாணம் கட்டியதும், இந்தப் பக்கத்து வழக்கப்படி, மனைவி அஜந்தாவின் வீட்டோடு கிரானில் வந்து சேர்ந்தார். வீடு அவளுடைய சீதனம். ஸ்பேனர்களும் விசிலும் மட்டும் இவருடையவை. மத்தியஸ்தர் பரீட்சையில் தேறிய நாளிலிருந்து ஓர் இறுதி ஆட்டத்தை நடத்திவிட வேண்டும் என்று ஏங்கினார். கிடைத்ததெல்லாம் எல்லைக்கோட்டில் கொடி பிடிக்கும் வேலை.

போன வருடம் இறுதி ஆட்டத்துக்கு வந்தவை கிரானும் களுதாவளையும். யார் மத்தியஸ்தம் என்றதும் இரண்டு கழகமும் ஒரே குரலில் “நல்லரத்தினம்” என்றன. அதுவரை ஆட்டத் திகதியில்கூட ஒத்துப்போகாத கழகங்கள்! நம்ம ஊர்ப் பிள்ளை என்று களுதாவளை நினைத்தது. நம்ம மருமகன் என்று கிரான் நினைத்தது. மற்றவன் ஏன் இவ்வளவு சுலபமாகத் தலையாட்டுகிறான் என்று எவருக்கும் தோன்றவில்லை. தோன்றியது, மைதானம் நிறைந்த பிறகு.

“பொண்டாட்டிட ஊருக்கு ஊத வந்திருக்கார்!”

“அங்கால கோல் காக்கிற கோலி அவர்ட அக்காட மகன்தானே!”

“மாத்துங்க ரெபரிய!”

மாற்ற வேறு ஆளில்லை. இப்போது இறங்கிப் போனால் இனி எந்த மைதானமும் தன்னைக் கூப்பிடாது என்பது நல்லரத்தினத்துக்கு விளங்கிவிட்டது. நடந்துபோய் அறிவிப்பாளரின் மைக்கை வாங்கினார்.

“கேளுங்க. கிரான் கெப்டன் வினோஜன் என்ட மச்சினன். ஒரே பானைச் சோறு. களுதாவளை கோலி ஜெயந்தன் என்ட அக்காட மகன். நான் தூக்கி வளத்த பொடியன். இன்னும் ஆருக்காவது சொந்தம் விட்டுப்போயிருந்தா கையத் தூக்குங்க.”

“பொண்டாட்டி எந்தப் பக்கம்?” என்றது ஒரு குரல்.

“எந்தப் பக்கமெண்டாலும் என்ட பக்கம் இல்ல.”

மைதானமே சிரித்தது. அஜந்தா குடையை முகத்துக்கு இறக்கிக்கொண்டாள். அந்தச் சிரிப்பு அடங்குமுன் விசில் ஊதப்பட்டது.

கோலுக்கு முன்னால் யாரும் தொடாமலே வினோஜன் விழுந்து உருண்டான். மஞ்சள் அட்டை.

“அத்தான், வீட்டுக்கு வருவீங்கதானே?”

“வருவன். நீ எழும்பு.”

மறுபடி விழுந்தான். மறுபடி மஞ்சள்; கூடவே சிவப்பு. கிரான் பக்கம் ஊளையிட்டது. ஆட்டம் முடியும் தறுவாயில் கிரான் பொடியன் ஒருவனின் காலை ஜெயந்தன் பிடித்து இழுத்தான். பெனால்டி. களுதாவளை பாய்ந்து வந்தது.

ஜெயந்தனே கையைத் தூக்கினான். “ஓம் மாமா, இழுத்த நான்தான்.”

பெனால்டி கோலானது. பத்துப் பேரோடு கிரான் வென்றது. திட்டுவதற்கு ஒரு காரணமும் கிடைக்காத கூட்டம், வேறு வழியின்றிக் கைதட்டியது. தட்டத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. இரண்டு ஊரும் சேர்ந்து அவரைத் தோளில் தூக்கின. எந்தப் பக்கம் கொண்டுபோவது என்பதில்தான் இழுபறி.

இன்று வாவியைச் சுற்றி எந்த ஆட்டமானாலும், மத்தியஸ்தர் முதலில் மைக்கைப் பிடித்துச் சொந்தம் சொல்கிறார். அதைக் கேட்கவே சனம் நேரத்தோடு வருகிறது. ஏறாவூரில் மத்தியஸ்தர் மின்ஹாஜ் சொந்தம் சொல்லத் தொடங்கியபோது, “நானா, நீங்க முடிக்கிறதுக்குள்ள மஃரிப் தொழுகை வந்திரும்!” என்று சனம் கத்தவேண்டியதாயிற்று.

பெட்டி? சீதேவிப்பிள்ளை மறைக்கவில்லை.

“ஓம், வெளிய வெச்சன்தான். உள்ளுக்குக் கறையான் மனே. வெயிலுக்கு வெச்சன்.”

கறையான் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டதா என்று கேட்டால், அடுப்பில் ஏதோ அடிப்பிடிக்கிறது என்று எழும்பிப் போய்விடுகிறார்.

ஆட்டம் முடிந்தால் மத்தியஸ்தருக்குக் கைகொடுக்க வேண்டும். அன்று இரண்டு அணியிலும் கைகொடுக்காதவன் ஒருவன்தான். சாப்பிடும்போதெல்லாம் நல்லரத்தினம் இடக்கையால் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு வலக்கையை நீட்டிப் பார்க்கிறார். எதிரே வினோஜன் சோற்றைக் குழைத்துக்கொண்டே இருக்கிறான்.

“கை எச்சில் அத்தான். பிறகு பாப்பம்.”